வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையெழுத்து

"ஷ்லீரன் களஞ்சியக்காரருக்கு வேண்டாம் எண்டு சொல்லப் போறம்," என்றாள் தில்லைநாயகி, இறைச்சிக் குழம்பை லக்சாயினியின் தட்டில் ஊற்றியபடி. "மகளுக்குச் சூக்கில இடம் கிடைச்ச மாதிரித்தான்."

புட்டைப் பிசைந்துகொண்டிருந்த லக்சாயினியின் விரல்கள் நின்றன.

"சூக்கில எந்த இடம், சின்னம்மா?"

"வேற எந்த இடம்? நான் கூட்டித் துடைக்கிற ஒஃபீஸ்தான். ஷெஃப் தன்ர வாயால சொன்னவர், மகளை அப்ளை பண்ணச் சொல்லு, நான் பாக்கிறன் எண்டு. போன கிழமையும் கேட்டவர், மகள் எப்பிடி எண்டு. நாங்கள் அனுப்பினதை வாசிக்காமலோ கேட்டிருப்பார்?"

ஷெஃப் என்று சின்னம்மா சொன்ன முதலாளியை லக்சாயினி பார்த்ததில்லை. அந்த அலுவலகத்தின் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. ஆனால் அதைப் பற்றி இந்த மேசையில் இருந்த எவருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

லக்சாயினிக்கு முப்பத்திரண்டு வயது. சூரிச்சில், ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆய்வாளர். ஒரே படிப்பு, ஒரே வயது, பெயர் மட்டும் வேறு என்றால் வேலைச் சந்தையில் என்ன நடக்கிறது? அவளுடைய ஆய்வு அதுதான். அதற்காக அவளும் அவளுடைய குழுவும் இரண்டு பெண்களைக் கற்பனையாக உருவாக்கியிருந்தார்கள். ஒருத்தி நினா, சுவிஸ் பெயர். மற்றவள் யாதவி தவச்செல்வன். யாதவிக்கு நினாவைவிட அரைப் புள்ளி அதிகம் போட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு வருபவர்கள் சேரும் தொழிற்பயிற்சி, இங்குள்ள தமிழர் 'லேர' என்று சொல்வது, அதற்கு இருவர் பெயரிலும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போனது.

சூக்கில் உள்ள அந்தக் கணக்கு அலுவலகத்துக்கும் போனது.

யாதவிக்கு உடனே பதில் வந்தது: வருந்துகிறோம், இடம் நிரம்பிவிட்டது. அதே நாளில் நினாவுக்கும் பதில் வந்தது: இரண்டு நாள் வந்து வேலை பழகிப் பாருங்கள், ஆவலோடு காத்திருக்கிறோம். இல்லாத நினாவின் சார்பில் "நன்றி, வேறு இடம் கிடைத்துவிட்டது" என்று எழுதி அனுப்பியவளே லக்சாயினிதான்.

அதனால்தான் அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது. அந்த இடத்தை நம்பித்தான் சின்னம்மா கையில் இருந்த இன்னொன்றை விடப் பார்க்கிறாள்.

"சின்னம்மா, முதல் ஷ்லீரனில கையெழுத்தைப் போடுங்கோ. சூக் வந்தா அப்ப பாப்பம்."

"கையெழுத்துப் போட்டுட்டு மாறுறதோ? பிறகு தமிழ் ஆக்கள் சொல்லு மாறுறவை எண்டு அடுத்த பிள்ளைக்கு அந்த மனுசன் இடம் குடுப்பாரோ?"

"அப்ப சூக்கை விட்டுட்டு…"

தில்லைநாயகி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"உனக்கு டொக்டர் பட்டம். என்ர பிள்ளை பெட்டி அடுக்க வேணுமோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"வேற எப்பிடிச் சொன்னனீ?"

மேசையின் மறுபக்கத்தில் அவள் மகள் கோபிஷா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. ஷ்லீரனில் அவர்கள் குடியிருக்கும் மாடிவீட்டில் பாதித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பவள் அவள்தான். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கும் எண்ணம் அவளுக்கு இருந்ததில்லை. ஆனால் இதுவரை கேட்ட கணக்கு அலுவலகங்கள் எல்லாம் வருந்தின. இரங்கியது ஒன்றுதான்: வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஒரு களஞ்சியம். நான்கு நாள் வேலை பழகிப் பார்த்த பிறகு அங்கிருந்த பொறுப்பாளர் கையைக் குலுக்கி, "நீங்கள்தான் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லுங்கள்" என்றிருந்தார்.

"இவள்தான் என்ர வரிப் பத்திரமும் நிரப்புறவள்," என்றார் குகதாசன், கோபிஷாவின் தகப்பன், ஒரு ரெஸ்டோரண்ட் சமையலறையில் வேலை செய்பவர். பேச்சை மாற்ற முயன்றார். "போன வருசம் காசு திரும்பி வந்தது. நான் நிரப்பின காலத்தில வரிக் கந்தோரில இருந்து கடிதம்தான் வந்தது."

யாரும் சிரிக்கவில்லை. லக்சாயினி கையைக் கழுவ எழுந்தாள்.

ஒரு வாக்கியம் போதும். அந்த ஒஃபீஸில தமிழ்ப் பேருக்குக் கதவு திறக்காது. அதைச் சொல்ல மாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

*

"முடியாது," என்றார் பேராசிரியை.

திங்கட்கிழமை காலை. அவருடைய அறை ஜன்னலுக்கு வெளியே சூரிச்சின் கூரைகளில் ஈரப் பனி.

"எந்த நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்று வெளியில் எவருக்கும் சொல்ல மாட்டோம் என்ற வாக்கில்தான் நெறிமுறைக் குழு இந்த ஆய்வுக்கு அனுமதி தந்தது. உங்களுக்குத் தெரியும்."

"அவள் என் தங்கை. சின்னம்மாவின் மகள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தை நம்பி மற்றதை விட்டால் அவளுக்கு எதுவும் இருக்காது."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்டவர் இல்லை. இந்த ஆய்வுக்குப் பணம் தேடி இரண்டு வருடம் கதவு கதவாகத் தட்டியவர்.

"இதே நிறுவனங்களுக்கு விண்ணப்பித்த மற்றப் பிள்ளைகள்? அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் அக்கா இல்லை. உங்கள் தங்கைக்கு மட்டும் சொன்னால், ஆளைத் தெரிந்தவருக்குத்தான் வழி திறக்கிறது என்று ஆகிவிடும். நாம் எதை எழுதப் போகிறோம், லக்சாயினி? அதைத்தானே?"

"ஆய்வு முடிவு கோடையில்தான் வரும். அப்போது கோபிஷாவுக்கு ஒரு பயனும் இல்லை."

"இல்லை," என்றார் பேராசிரியை. "அவளுக்கு இல்லை."

அந்த நேர்மைதான் லக்சாயினியை அதிகம் சுட்டது. வெளியே வந்து டிராமில் ஏறி உட்கார்ந்தாள்.

ஒரு விஷயம் பொருந்தவில்லை. அந்த ஷெஃப் சின்னம்மாவை மதிக்கிறார். கிறிஸ்மஸுக்குப் பரிசு தருகிறார். மகளை விண்ணப்பிக்கச் சொன்னவரும் அவர்தான். அப்படிப்பட்டவர், விண்ணப்பம் வந்து மூன்று கிழமை ஆகியும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் 'மகள் எப்படி' என்று மட்டும் ஏன் கேட்கிறார்?

டிராம் பாலத்தில் ஏறும்போது அவளுக்குப் பிடிபட்டது.

அவருக்கு விண்ணப்பம் வந்ததே தெரியாது.

அலுவலகத்தில் சின்னம்மா பிராவ் ஐயாத்துரை, திருமதி ஐயாத்துரை. ஐயாத்துரை அவளுடைய தகப்பன். ஊரில் எழுதிய பெயர் அப்படியே சுவிஸ் அடையாள அட்டையிலும் ஏறிவிட்டது. மகள் கோபிஷா குகதாசன். அது அவளுடைய தகப்பன். தமிழருக்கு அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை, தகப்பனின் பெயர்தான் பின்னால் வரும். சுவிஸ்காரருக்கு ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பப் பெயர். ஐயாத்துரையின் மகளைத் தேடுபவர் ஐயாத்துரை என்றுதான் தேடுவார். குகதாசன் என்பது அங்கே யாருக்கும் சொந்தமில்லாத இன்னொரு தமிழ்ப் பெயர்.

யாதவி தவச்செல்வனைப் போல.

*

ஷ்லீரன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை. குளிர்கால விடுமுறை என்பதால் கோபிஷா பகலிலேயே வந்துவிட்டாள்.

"சூக்குக்கு அனுப்பின கடிதத்தில அம்மா அங்க வேலை செய்யிறா எண்டு எழுதினனீயோ?"

"இல்லை அக்கா."

"ஏன்?"

"டீச்சர் வேண்டாம் எண்டவ. எழுதினா விற்றமின் பி மாதிரி இருக்குமாம்."

இங்கே சிபாரிசுக்கு அதுதான் பெயர். சுவிஸ்காரர், தமிழர் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வது.

"எனக்கும் விருப்பமில்லை," என்றாள் கோபிஷா. "என்ர புள்ளியைப் பாத்து எடுக்கட்டும். கணக்குக்கு ஆறுக்கு ஐந்தரை வைச்சிருக்கிறன். பிறகேன் அம்மாவை இழுப்பான்?"

லக்சாயினி கோப்பியைக் கலக்கினாள். சீனி போடவில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது.

"அம்மாட்டச் சொல்லு. ஷெஃப்பிட்ட உன்ர முழுப் பேரையும் சொல்லட்டும். நாளைக்கே."

கோபிஷா அவளையே பார்த்தாள். வரிப் பத்திரங்களில் விடுபட்ட எண்ணைத் தேடும் அதே பார்வை.

"ஞாயிற்றுக்கிழமை ஷ்லீரனில சைன் பண்ணச் சொன்னீங்கள். இண்டைக்குப் பேரைச் சொல்லச் சொல்லுறீங்கள். நீங்கள் செய்யிற அந்த ரிசேர்ச்சில சூக் ஒஃபீஸ் இருக்கோ?"

"அதைப் பற்றி நான் கதைக்க ஏலாது."

"அப்ப இருக்கு."

"நான் ஒண்டும் சொல்லேல்லை, கோபி."

"ஓம். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை." ஜன்னலுக்கு வெளியே ஒரு ரெயில் நிற்காமல் போனது. அது போய் முடிந்ததும் கேட்டாள். "அம்மா சொன்னா எடுப்பினமோ?"

"எடுப்பினம் எண்டு நினைக்கிறன்."

"சொல்லாட்டி?"

லக்சாயினி கோப்பையைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் கோபிஷா. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சொல்லச் சொல்லுறன்."

*

செவ்வாய்க்கிழமை மாலை. சூக் ஏரியைப் பார்த்த அந்த மாடியில் ஆட்கள் கோட்டுகளை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். தில்லைநாயகி தண்ணீர் வாளியும் துடைப்பமும் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெஃப்பின் அறை வாசலுக்கு வந்தாள். சொல்ல வேண்டிய ஜெர்மன் வாக்கியத்தை ரெயிலில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"பிராவ் ஐயாத்துரை, உங்கள் மகள் ஏன் இன்னும் விண்ணப்பிக்கவில்லை? நான் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறேன்."

"அனுப்பினாள். மூன்று கிழமை."

"இல்லையே. ஐயாத்துரை என்று எதுவும் வரவில்லை."

"கோபிஷா குகதாசன். அது என் மகள். அப்பாவின் பெயர். எங்களிடம் அப்படித்தான்."

அவர் சிரித்தார். பழக்கமில்லாத ஒன்றைக் கேட்டு மகிழ்கிற சிரிப்பு. கணினியைத் திறந்து தேடினார். தேடிக்கொண்டிருந்தபோதே சிரிப்பு மெல்லக் கழன்றது. திரையை இலேசாகத் தன் பக்கம் திருப்பினார்.

ஆனால் அவள் பார்த்துவிட்டாள். ஜெர்மன் அதிகம் வாசிக்க வராதவளுக்கும் அந்தச் சொல் தெரியும். வீட்டுக்கு வந்த எத்தனை கடிதங்களில் மகள் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். நிராகரிப்பு. பட்டியலில் மகளின் பெயருக்கு நேரே அது நின்றது. கடிதம் மட்டும் இன்னும் போகவில்லை.

"மன்னியுங்கள்," என்றார் அவர். முகம் சிவந்திருந்தது. "தேர்வை எங்கள் அலுவலகப் பெண் ஒருவர்தான் பார்க்கிறார். உங்கள் மகள் என்று தெரிந்திருந்தால் இப்படி நடந்திருக்கவே நடந்திருக்காது. பள்ளி விடுமுறைதானே? நாளைக்கே வரச் சொல்லுங்கள். புதனும் வியாழனும் வேலை பழகிப் பார்க்கட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை உண்மையாகவே வருந்தியது. அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"டாங்க," என்று நன்றி சொன்னாள்.

அவர் போன பிறகு தரையைத் துடைத்தாள். வழமைபோல அவருடைய அறையில் தொடங்கி, நடைபாதை, சமையலறை. சமையலறையில் வந்து வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அவர் இவ்வளவும் பேசினார், ஆனால் விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லை. மகளின் புள்ளி என்ன என்று இப்போதும் அவருக்குத் தெரியாது.

ரெயிலில் ஏறியதும் லக்சாயினிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நாளைக்கு வரச் சொல்லியிருக்கினம்."

"நல்லது சின்னம்மா."

"தெரிஞ்சிருந்தா இப்பிடி நடந்திராதாம். சொல்லுறார்."

லக்சாயினி எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"அப்ப தெரியாத பிள்ளையளுக்கு இப்பிடித்தானே நடக்கும்? பிள்ளை, உண்மையைச் சொல்லு. உனக்கு முதலே தெரியுமோ?"

இல்லை என்று சொல்லலாம். கதைக்க ஏலாது என்று சொல்லலாம்.

"ஓம்," என்றாள் லக்சாயினி.



"ஞாயிற்றுக்கிழமை என்ர வீட்டில இருந்து சாப்பிடேக்கயும் தெரியும்."

"ஓம் சின்னம்மா."

தில்லைநாயகி வைத்துவிட்டாள்.

*

கோபிஷா இரண்டு நாள் அந்த அலுவலகத்தில் இருந்தாள். ஒரு பேக்கரியின் பற்றுச்சீட்டுக் கட்டைத் தந்து மாத வாரியாகப் பதியச் சொன்னார்கள். பதிந்தாள். இரண்டு தடவை வந்திருந்த ஒரே சீட்டைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைத்தாள். பக்கத்து மேசையில் இருந்த மனிதர் அதைப் பார்த்து, "எனக்கு இது தெரிந்திருக்காது" என்று சொல்லித் தன் பிஸ்கட்டில் பாதியைத் தந்தார். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் எல்லாம் இலகுவாகப் போயிருக்கும்.

வியாழக்கிழமை மாலை ஷெஃப் அறைக்குக் கூப்பிட்டார். விண்ணப்பங்களைத் தேர்வு செய்யும் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள்.

"நன்றாகச் செய்தீர்கள்," என்றார் ஷெஃப். "உங்கள் அம்மாவைப் பல வருடமாக எங்களுக்குத் தெரியும். நேரம் தவறாதவர், ஒரு நாளும் முகம் சுளிக்காதவர். அதனால் எங்களுக்கு யோசனையே இல்லை. இடம் உங்களுக்குத்தான்."

"நன்றி," என்றாள் கோபிஷா. கைகள் மேசைக்குக் கீழே ஒன்றையொன்று பிடித்திருந்தன. "என் விண்ணப்பத்தை வாசித்தீர்களா?"

ஷெஃப் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஷெஃப்பைப் பார்த்தாள்.

"அதற்கு இப்போது அவசியம் இல்லையே."

"இப்போது வாசிக்க முடியுமா? நான் காத்திருக்கிறேன்."

ஒரு பதினைந்து வயதுப் பெண் தன் ஷெஃப் ஆகப் போகிறவரிடம் பேசும் பேச்சு அல்ல அது. ஆனால் குரலில் கோபம் இல்லை. மறுக்க முடியாத அளவுக்கு மரியாதை இருந்தது.

அவர் திறந்தார். முதலில் வேகமாகப் பார்த்தார், பிறகு மெதுவாக. புள்ளிகள். ஆசிரியையின் குறிப்பு. தன் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுத்து அதிலேயே கணக்கு கற்றுக்கொண்டதாக அவள் எழுதிய கடிதம். கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தார். தேர்வு செய்யும் பெண் தன் பேனாவைத் திறந்து மூடினாள்.

"இது நல்ல விண்ணப்பம்," என்றார் ஷெஃப் கடைசியில். "மிக நல்ல விண்ணப்பம்."

"மூன்று கிழமையாக இங்கேதான் இருந்தது," என்றாள் கோபிஷா.

"எங்களுக்கு நிறைய வருகிறது," என்றாள் அந்தப் பெண். "எல்லாவற்றையும்…"

"தெரியும். நானும் நிறைய அனுப்பினேன்."

 ஷெஃப் எழுந்தார். இந்தத் தடவை அவர் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை.

"நாளை காலை ஒப்பந்தம் மின்னஞ்சலில் வரும். உங்களுக்கு இன்னும் விருப்பம் இருந்தால்."

*

அதே நேரம் சூரிச்சில் லக்சாயினி பேராசிரியையின் முன்னால் நின்றாள். நடந்ததை நடந்தபடியே சொன்னாள். கோப்பிக் கடையில் சொல்லாமல் விட்டதையும் தொலைபேசியில் சொன்னதையும்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த அலுவலகத்தை ஆய்விலிருந்து நீக்க வேண்டும்."

"நான் தலையிடும் முன்பே அவர்கள் யாதவியை நிராகரித்துவிட்டார்கள். அது உண்மை."

"உண்மைதான். ஆனால் ஆய்வாளர் கை வைத்த ஒரு இடத்தை உள்ளே வைத்திருந்தால், அதைக் காட்டியே மிச்சம் அத்தனையையும் பொய் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். காத்துக்கொண்டு இருக்கிறார்கள்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நெறிமுறைக் குழுவுக்கு நீங்களே எழுதுங்கள். இனி நிறுவனங்களோடு தொடர்பு வைக்கும் வேலை உங்களுக்கு இல்லை. கணக்கீடு மட்டும் பாருங்கள்."

லக்சாயினி தன் மேசைக்குத் திரும்பி அந்த வரியைத் தேடி எடுத்தாள். சூக், கணக்கு அலுவலகம், நினாவுக்கு அழைப்பு, யாதவிக்கு நிராகரிப்பு. அழித்தாள்.

இப்படி அந்த அலுவலகம் தப்பியது. இனி யாராவது அங்கே போய்ப் பார்த்தால் ஒரு தமிழ்ப் பிள்ளை உட்கார்ந்து கணக்கெழுதும். அவர்களைப் போலப் பாகுபாடு இல்லாதவர்கள் உண்டா என்றுதான் தோன்றும்.

*

வெள்ளிக்கிழமை காலை ஷ்லீரன் வீட்டுச் சமையலறையில் நான்கு பேரும் இருந்தார்கள். லக்சாயினியை வரச் சொன்னது கோபிஷா. தில்லைநாயகி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். லக்சாயினிக்கும் ஊற்றினாள், முகத்தைப் பார்க்காமல்.

சூக் அலுவலகத்தின் ஒப்பந்தம் அச்சடித்து மேசையில் கிடந்தது. தகப்பனின் கையெழுத்தும் வேண்டும்.

"உனக்கு மனசில்லாட்டி விடு," என்றாள் தில்லைநாயகி மகளிடம். ஞாயிற்றுக்கிழமை பேசிய அதே வாய். "பெட்டி அடுக்கினாலும் பரவாயில்லை. அவையின்ர மேசையில போய் இருக்க வேணும் எண்டில்லை."

"அம்மா, நீங்கள் இத்தனை வருசமா அந்த மேசையளைத் துடைக்கிறீங்கள்."

"நான் வேற."

"ஏன் வேற?" கோபிஷா தேநீரைத் தள்ளி வைத்தாள். "எனக்குக் கணக்குத்தான் விருப்பம். அவை பேரைப் பாத்து ஒதுக்கினவை எண்டதுக்காக நான் ஏன் பெட்டி அடுக்க வேணும்? அப்பிடிச் செய்தா அவைக்கு ஒண்டும் நடக்காது. எனக்குத்தான் நடக்கும்."

லக்சாயினிக்கு எதையோ சொல்ல வேண்டும் போல இருந்தது. சந்தையில் போட்டி இருந்தால் பாகுபாடு காட்டும் முதலாளி நல்ல ஆட்களை இழந்து தானாக நட்டப்படுவான் என்று முதலாம் ஆண்டில் அவள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பா, போடுங்கோ."

குகதாசன் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். அவருடைய பெயரும் மகளின் பெயரின் பின்பாதியும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன.

பிறகு கோபிஷா களஞ்சியப் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தாள். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். மன்னிப்புக் கேட்டாள். கணக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, அதைத்தான் எப்போதும் விரும்பினேன் என்றாள்.

 அவருக்குப் பின்னால் ஒரு பாரந்தூக்கி வண்டி பின்வாங்கும் பீப் ஒலி கேட்டது.

"அது நல்ல தொழில்," என்றார் அவர். "உங்களுக்குப் பொருந்தும். எனக்குத்தான் நட்டம். நீங்கள்தான் எங்கள் முதல் தெரிவு, வேறு யாரையும் நான் யோசிக்கவே இல்லை." பிறகு தொண்டையைச் செருமினார். "உங்களுக்கென்று பாதுகாப்புச் சப்பாத்து வேறு எடுப்பித்துவிட்டேன். முப்பத்தாறாம் நம்பர். எங்கள் களஞ்சியத்தில் இவ்வளவு சின்னக் கால் யாருக்கும் இல்லை. பரவாயில்லை, திருப்பி அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன். உங்களை எடுத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அதை அவர்களிடம் சொல்லுங்கள்."

கோபிஷா நன்றி சொன்னாள். 

தொலைபேசி அணைந்தது.

"இந்த மனுசனுக்கு எங்கட வீட்டில ஆரைத் தெரியும்?" என்று கேட்டாள் தில்லைநாயகி. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் லக்சாயினியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"ஒருத்தரையும் தெரியாது, சின்னம்மா. நாலு நாள் வேலை செய்ததைப் பாத்தவர். அவ்வளவுதான்."

தில்லைநாயகி கோப்பைகளை எடுத்துத் தொட்டியில் வைத்தாள். தண்ணீரைத் திறந்தாள், மூடினாள்.

"அந்தச் சப்பாத்தை நாங்கள் வாங்கிப்போடுவம். அந்தாளுக்கு ஏன் நட்டம்?"

"இரும்பு வைச்ச சப்பாத்தோட ஒஃபீசுக்குப் போகச் சொல்லுறீரோ?" என்றார் குகதாசன்.

கோபிஷா அதற்குள் எழுந்து ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கயடி?"

"களஞ்சியத்துக்கு. போனில சொன்னது காணாது. நேர போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"நில்லு, நானும் வாறன்."

"வேண்டாம் அம்மா. நீங்கள் வந்தா…" அவள் நிறுத்தினாள். ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள். "அவருக்கு என்னைத்தான் தெரியும். நான் தனியப் போறன்."

கதவு சாத்தப்பட்டது. தில்லைநாயகி ஜன்னலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே, ஈரப் பனியை மிதித்துக்கொண்டு, மகள் தெருவைக் கடந்தாள்.